நிமிர்ந்தது கழுத்துப்பட்டை மட்டுமே!

பெரும்பாலும் வாய் வரையப்படுவதில்லை அவனுக்கு. கண்ணாடி உண்டு, கண்ணாடிக்குப் பின்னே கண்கள் தெரிவதில்லை. வெள்ளைச் சட்டை, சட்டைப் பையிலே வரிசையாகச் செருகிய எழுதுகோல்கள். அவன் தோற்றத்திலே நிமிர்ந்து நிற்பது ஒன்றே ஒன்று - அவன் அணிந்திருக்கும் கழுத்துப்பட்டை! மார்பின்மீது படிந்து தொங்கவேண்டிய அது, நுனி வளைந்து மேல்நோக்கி நிற்கும். தன் உடையின்மீதுகூட ஆட்சி செலுத்த முடியாதவன் என்பதற்கு அஃதோர் அடையாளம் என்பர். பொறியியல் கற்றவன், கணக்கிலே புலி, கருவிகளை ஆக்கவும் அழிக்கவும் அறிந்தவன். ஆனால், மேசைக்கு எதிரே அமர்ந்து மடமையை ஆணையாகப் பிறப்பிக்கும் மேலாளரிடம், "இது தவறு" என்று கூறி வென்றுவர இயலாதவன்.

அவன் பெயர் டில்பர்ட். ஸ்காட் ஆடம்ஸ் என்பார் வரைந்த நகைச்சுவைச் சித்திரத் தொடரின் தலைவன். 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் அமெரிக்க ஏடுகள் சிலவற்றிலே தலைகாட்டிய அத்தொடர், வளர்ந்து பெருகி, 65 நாடுகளில் 2,000 ஏடுகள் என்னும் அளவுக்குப் பரவிற்று. 1997இல் அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் சங்கத்தின் தலையாய பரிசான ரூபன் விருது ஆடம்சுக்குக் கிடைத்தது. அலுவலகம்தோறும் அச்சித்திரங்களைக் கத்தரித்துச் சுவரிலே ஒட்டினார்கள், கதவிலே பதித்தார்கள், நண்பருக்கு அனுப்பி மகிழ்ந்தார்கள்.

மூன்று கட்டங்கள், நான்கு வரி உரையாடல், எளிய கோடுகள். இதிலே இத்துணை பேர் எதைக் கண்டார்கள்? சிரிப்பு என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் எத்தகைய சிரிப்பு? யாரைப் பார்த்து? சிரித்து முடித்த பின்பு என்ன ஆயிற்று? பகுத்தறிவாளன் பாட்டையும் கூத்தையும் மட்டுமல்ல, சிரிப்பையும் உரைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவன். உரைத்துப் பார்ப்போம்.

அலுவலகத்தைக் கேலி செய்யும் சித்திரம் டில்பர்ட்டுடன் பிறந்ததன்று. 1930இல் சிக் யங் என்பார் தொடங்கிய 'பிளாண்டி' என்னும் அமெரிக்கத் தொடரிலே டாக்வுட் என்று ஒருவன் வருகிறான். இருப்புப்பாதைக் கோமான் ஒருவரின் மகன். செல்வமில்லாத பெண்ணைக் காதலித்தான். பெற்றோர் மறுத்தனர். உண்ணாநோன்பு இருந்தான்! 1933 பிப்ரவரியில் மணம் முடிந்தது; தந்தையின் சொத்தில் ஒரு காசும் இல்லை என்று துரத்தப்பட்டான். காதலுக்காகக் கோடிகளை உதறிய அந்தக் கொள்கை வீரன் பிறகு என்ன ஆனான்? டிதர்ஸ் என்னும் முதலாளியின் அலுவலகத்திலே ஊழியன் ஆனான். தாமதமாக வந்தால் திட்டு. மேசைமீது தலைசாய்த்து உறங்கினால் உதை. ஆம், உண்மையாகவே உதை! தந்தையை எதிர்த்து நின்றவன் முதலாளியை எதிர்த்து நிற்கவில்லை. அந்த உதையைப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகச் சிரித்தார்கள்.

பிரிட்டனிலே, 1960களின் தொடக்கத்தில், ஃபிராங்க் டிக்கன்ஸ் என்பார் 'பிரிஸ்டோ' என்னும் தொடரைத் தந்தார். செஸ்டர்-பெர்ரி என்னும் மாபெரும் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவிலே பிரிஸ்டோ ஓர் எழுத்தன். தலைமைப் பதவிக்கு வரிசையிலே 18ஆவது ஆள். வேலை குவியும், அவன் சாளரத்தின் வழியே புறாக்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். தன்னை எழுத்தாளன் என்று எண்ணிக்கொண்டு, கொள்முதல் பிரிவிலே உயிரோடு மடிவது பற்றிய நாவல் ஒன்றையும் எழுதி வைத்திருப்பான். அதை வெளியிடத்தான் ஆள் இல்லை. டாக்வுட் உதை வாங்கினான். பிரிஸ்டோ கனவு கண்டான். இருவரும் இருந்த இடத்திலேயே இருந்தனர்.

மூன்றாமவன் டில்பர்ட். முன்னவர் இருவரிடமும் இல்லாத ஒன்று இவனிடம் உண்டு - அறிவு. தன்மீது இழைக்கப்படும் அபத்தத்தை அணு அணுவாகப் பிரித்துக் காட்டும் அறிவு. உதைபட்டவனையும் கனவு கண்டவனையும் பார்த்து நாம் இரங்கலாம். அறிந்தவன் ஏன் அடங்கிக் கிடக்கிறான் என்பதோ ஆராய வேண்டிய கேள்வி.

தொடர் பிறந்த காலத்தை முதலில் நோக்குவோம். ஸ்காட் ஆடம்ஸ் கற்பனையில் அலுவலகம் கண்டவர் அல்லர். 1979 முதல் ஒரு வங்கியிலும், 1986 முதல் 1995 வரை கலிபோர்னியாவில் 'பசிபிக் பெல்' என்னும் தொலைபேசி நிறுவனத்திலும் பணியாற்றியவர். பொழுது புலருமுன் எழுந்து படம் வரைந்துவிட்டு வேலைக்குப் போனவர். தொடக்கத்தில் டில்பர்ட்டின் வீடும், அவனோடு வாழும் டாக்பர்ட் என்னும் பேசும் நாயுமே தொடரில் பெரிதாக இடம்பெற்றன. 1993இல் ஆடம்ஸ் தம் மின்னஞ்சல் முகவரியைச் சித்திரக் கட்டங்களின் இடையே அச்சிட்டார். கடிதங்கள் குவிந்தன. வீட்டுக் கதை வேண்டாம். அலுவலகக் கதை வேண்டும் என்றார்கள் வாசகர்கள். தத்தம் அலுவலகத்து அபத்தங்களை அவர்களே எழுதி அனுப்பினார்கள். படிப்பவர்களே பொருள் தந்தனர். ஆடம்ஸ் கோடு தந்தார்.

ஏன் அவ்வளவு கடிதங்கள்? அது ஆட்குறைப்பின் காலம். ஐ.பி.எம். போன்ற பெருநிறுவனங்கள், ஆயுள் முழுதும் வேலை என்னும் பழைய நம்பிக்கையைக் கைவிட்ட காலம். 1996 சனவரியில் ஏ.டி.அண்ட் டி. நிறுவனம் 40,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. வெளியேற்றப்பட்டவன் வீதியிலே நின்றான். வெளியேற்றப்படாதவனோ, அடுத்த பட்டியலில் தன் பெயர் இருக்குமோ என்று அஞ்சியபடி இருவர் வேலையை ஒருவனாகச் செய்தான். அந்த அவலத்துக்கு நிறுவனங்கள் சூட்டிய பெயர்களோ அழகானவை: சீரமைப்பு, மறுகட்டமைப்பு, அளவைச் சரிசெய்தல்! கழுத்தறுப்புக்குக் கழுநீர் மாலை!

அவர்கள் அமர்ந்திருந்த இடத்தையும் பாருங்கள். தோளளவு உயரமுள்ள தடுப்புப் பலகைகளால் சதுரம் சதுரமாகப் பிரிக்கப்பட்ட சிறு தடுப்பறை. கதவு இல்லை, கூரை இல்லை. தனிமையும் இல்லை, தோழமையும் இல்லை. ஹெர்மன் மில்லர் என்னும் அறைகலன் நிறுவனத்துக்காக இராபர்ட் புரோப்ஸ்ட் என்பார் 1960களில் ஒரு திட்டம் வகுத்தார். ஊழியன் நிற்கலாம், நடக்கலாம், தன் இடத்தைத் தன் விருப்பம்போல் மாற்றியமைக்கலாம் என்பது அவர் நோக்கம். 1968இல் வந்த அதன் திருத்திய அமைப்பை நிறுவனங்கள் கண்டன. ஒரே கூடத்தில் எத்தனை பேரை அடைக்கலாம் என்று கணக்கிட்டன. விடுதலைக்கென வகுத்த பலகைகளைக் கொண்டு கூண்டு செய்தன. தாம் பெற்ற பிள்ளையின் போக்கைக் கண்டு புரோப்ஸ்ட் பிற்காலத்தில் வருந்திப் பேசினார். டில்பர்ட் வாழ்வது அந்தக் கூண்டிலே.

இத்தகைய சூழலில் ஒருவன் எழுந்து, "இஃதெல்லாம் பித்தலாட்டம்" என்று படம் வரைந்து காட்டினால் மக்கள் அவனைக் கொண்டாடாமல் இருப்பார்களா? அந்த வகையில் அத்தொடர் செய்த நற்பணியை மறைப்பது நேர்மையாகாது.

ஒரு சித்திரத்தின் கருத்து இது. நோய் விடுப்புகளில் 40 விழுக்காடு திங்களிலும் வெள்ளியிலும் எடுக்கப்படுகின்றனவாம். ஊழியர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று மேலாளர் கொதிக்கிறார். வேலை நாள் ஐந்து. அவற்றுள் திங்களும் வெள்ளியும் இரண்டு. ஐந்தில் இரண்டு 40 விழுக்காடு! தொடக்கப்பள்ளி மாணவனுக்குத் தெரியும் கணக்கு, அதிகாரம் அமர்ந்திருக்கும் நாற்காலிக்குத் தெரியவில்லை. இன்னொன்று: கணினி நிரலிலுள்ள பிழைகளைக் கண்டு நீக்கினால் பிழை ஒன்றுக்கு இவ்வளவு பரிசு என்று மேலாளர் அறிவிக்கிறார். பிழை செய்பவனும் நீக்குபவனும் ஒருவனே அல்லவா? உடனே ஊழியன் ஒருவன், பிழைகளை எழுதி எழுதியே ஒரு வண்டி வாங்கிவிடுவதெனத் துள்ளிக் குதிக்கிறான். பரிசு என்னும் தூண்டிலைப் பற்றிப் பொருளியலார் பல பக்கங்களில் விளக்குவதை மூன்று கட்டங்கள் விளக்கிவிடுகின்றன!

இவை அனைத்தினும் சிறந்தது, நிறுவனங்களின் மந்திர மொழியை அம்பலப்படுத்தியமை. மந்திரம் என்று சொல்வது அணிக்காக அன்று. ஒன்றும் பொருள்படாத சொற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, "எங்கள் குறிக்கோள்" என்று சட்டமிட்டுச் சுவரிலே மாட்டுகிறார்கள். படித்தவனுக்குப் புரிவதில்லை, புரியவில்லை என்று சொல்ல நாணுகிறான். சொன்னவனுக்கும் புரிவதில்லை, ஆயினும் சொல்வதை நிறுத்துவதில்லை. புரியாமையே புனிதமாகிறது, வினவுதல் குற்றமாகிறது. கோயிலிலே அந்த வித்தையைக் கண்டவர்கள் நாம். குளிரூட்டிய கூடத்திலும் அதுவே நடக்கிறது என்று டில்பர்ட் காட்டும்போது கைதட்டாமல் இருக்க முடியுமா?

எனவே, தொடரின் முதற்கவர்ச்சி உண்மை. "இது என் அலுவலகத்தைப் பற்றியே வரைந்தது" என்று ஒவ்வொருவனும் எண்ணினான். இரண்டாம் கவர்ச்சி துணை. தடுப்பறையிலே தனித்துக் கிடந்தவனுக்கு, தன்னைப்போல் இலட்சம் பேர் உண்டு என்னும் ஆறுதல் கிடைத்தது. இவ்விரண்டும் நல்லவை.

மூன்றாம் கவர்ச்சி ஒன்று உண்டு. அதுவே எல்லாவற்றினும் வலியது. அதுவே நஞ்சும் ஆவது.

நகை எவற்றிலிருந்து பிறக்கும் என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்ணிக் காட்டியிருக்கிறார். பிறரை எள்ளுவதும், இளமையின் விளையாட்டும், அறியாமையும், சொன்னதை ஆராயாமல் பற்றிக்கொள்ளும் மடமும் அவர் கண்ட நிலைக்களன்கள். டில்பர்ட்டின் நகை எதிலிருந்து பிறக்கிறது? மேலாளரின் பேதைமையிலிருந்து. அம்மேலாளருக்குப் பெயர்கூட இல்லை. தலையின் இருமருங்கும் கொம்புபோல் கூர்த்து நிற்கும் மயிரே அவர் முகவரி. அவர் பேதை, ஆகவே நான் அறிஞன்! அவர் உயரத்தில் இருக்கிறார். ஆயினும் நான் உயர்ந்தவன்! சம்பளம் உயரவில்லை, வேலை நிலைக்கவில்லை, கூண்டு அகலவில்லை. ஆனால் காலை ஏட்டைப் புரட்டிய அரைநொடியில் உள்ளத்திலே ஒரு பட்டாபிடேகம் நடந்துவிடுகிறது! இழந்த உரிமைக்கு ஈடாக இலவசமாகக் கிடைக்கும் இந்த மகுடமே மூன்றாம் கவர்ச்சி.

இதிலே தீங்கென்ன என்று கேட்கலாம். தீங்கு இதுதான்: மேலாளர் மூடர் என்பது நோய் அன்று, நோயின் குறி. நோயோ அதிகாரம். மூடன் ஒருவனின் சொல், அறிவுள்ள ஐம்பது பேரைக் கட்டுப்படுத்தும்படி அமைந்த ஏற்பாடு யாருடையது? அந்த ஏற்பாட்டால் பொருள் குவிப்பவர் யார்? 40,000 பேரை வெளியேற்றுவது மடமையால் எடுத்த முடிவா, ஆதாயக் கணக்குப் பார்த்து எடுத்த முடிவா? கொம்பு மயிர் மேலாளரின் இடத்தில் பேரறிஞர் ஒருவரை அமர்த்தினால் ஆட்குறைப்பு நின்றுவிடுமா? இன்னும் திறம்பட நடக்கும்! டில்பர்ட்டின் சிரிப்பு நடுத்தட்டு மேலாளரின் தலைமயிரில் சிக்கி நின்றுவிடுகிறது. அதற்கு மேலே உள்ள மாடிக்கு அது அரிதாகவே ஏறுகிறது. ஏறினாலும் அங்கும் இன்னொரு மூடரையே கண்டு திரும்புகிறது.

ஆடம்ஸ் 1996இல் வெளியிட்ட 'டில்பர்ட் கோட்பாடு' என்னும் நூல் இதற்குச் சான்று. லாரன்ஸ் பீட்டரும் ரேமண்ட் ஹல்லும் 1969இல் ஒரு கோட்பாடு உரைத்திருந்தனர்: திறமையுள்ளவன் படிப்படியாக உயர்த்தப்பட்டு, தனக்குத் திறமை இல்லாத பதவியை எட்டியதும் அங்கேயே நின்றுவிடுகிறான் என்பது அது. ஆடம்ஸ் அதைத் திருப்பிப் போட்டார்: திறமையே இல்லாதவர்கள், அதிகத் தீங்கு விளைக்க முடியாத இடமாகிய மேலாண்மைக்கு நேரே அனுப்பப்படுகிறார்கள் என்றார். நயமான கேலி! ஆனால் உன்னிப் பாருங்கள். மேலாண்மை தீங்கு விளைக்க முடியாத இடமா? வேலையைத் தரவும் பறிக்கவும் வல்ல இடம் அல்லவா? அதிகாரத்தைப் பொம்மை என்று காட்டினால் அடிமைத்தனமும் பொம்மையாகிவிடும். அதை எதிர்க்கத் தேவையே எழாது. அதே நூலின் தொடக்கத்திலே, மனிதர் எல்லோரும் மூடர்களே, தாமும் விலக்கல்லர் என்றும் கூறிவிடுகிறார். எல்லோரும் மூடர் என்றால் எவரும் பொறுப்பாளி அல்லர். பொறுப்பாளி இல்லாத இடத்தில் நீதி கேட்பது யாரை?

பகுத்தறிவு இயக்கம் மடமையைக் கண்டு நகைத்ததுண்டு, நகைத்ததோடு நின்றதில்லை. மடமை பிறவிக்குணம் அன்று, ஊட்டப்பட்டது. ஊட்டியவன் உண்டு, ஊட்டியதால் வாழ்பவன் உண்டு, ஆகவே அதை ஒழிக்கவும் முடியும் என்பது நம் அடிப்படை. மூடத்தனத்தை மனிதனின் தலைவிதி ஆக்கிச் சிரிப்பது பகுத்தறிவு போலத் தோன்றும். உண்மையில் அது விதிவாதத்தின் புது வேடம்!

1997 நவம்பரில் நடந்த நிகழ்ச்சி ஒன்றைக் கேளுங்கள். கணினிக்கான சுட்டிக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற லாஜிடெக் நிறுவனத்திலே, பெரிய ஆலோசகர் ஒருவர் வந்திருப்பதாக அதிகாரிகளுக்குச் சொல்லப்பட்டது. பொய்மயிரும் பொய்மீசையும் தரித்து வந்தவர் ஆடம்சே! அவர்களைக் கூட்டி வைத்து, குறிக்கோள் உரையைத் திருத்துவோம் என்று தொடங்கி, பொருளற்ற சொற்களை மேன்மேலும் சேர்க்கச் செய்தார். பட்டம் பெற்றவர்கள், பதவி வகிப்பவர்கள், தலையாட்டித் தலையாட்டி அந்தக் குப்பையைத் தம் கையாலேயே கட்டி எழுப்பினார்கள். முடிவில் வேடம் கலைந்தது, சிரிப்பு எழுந்தது. ஆலோசகர் என்ற பட்டம் அறிவை எப்படி மயக்குகிறது என்பதைக் காட்டிய அருமையான சோதனை! ஆனால், அந்த வேடத்துக்கு வழிவகுத்துத் தந்தவர் யார்? நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரே! மேலிடத்தின் இசைவோடு, மேலிடத்துக்குக் கீழே உள்ளவர்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது. மேலிடம் அஞ்சவில்லை, உடன் இருந்து மகிழ்ந்தது.

அஞ்சாததன் காரணம் வெளிப்படை. மேலாளர்களே டில்பர்ட் சித்திரத்தைத் தம் அறையில் ஒட்டினார்கள்! "நானும் உங்களில் ஒருவன், எனக்கும் மேலே ஒரு மூடன் இருக்கிறான்" என்று காட்டிக்கொண்டார்கள். அலுவலகப் பொருள் விற்கும் பெருங்கடைகள் தம் விளம்பரத்துக்கு டில்பர்ட்டை அமர்த்திக்கொண்டன. நார்மன் சாலமன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1997இலேயே இதை இடித்துரைத்து ஒரு நூல் எழுதினார். ஊழியர் பக்கம் நிற்பதுபோல் தோன்றும் இத்தொடர், இறுதிச் சிரிப்பை நிறுவனங்களுக்கே விட்டுவிடுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. எவனைத் தாக்குவதாகச் சொல்கிறோமோ அவனே வாங்கி மாட்டிக்கொள்ளும் கேலி, தாக்குதல் ஆகுமா? தழுவல் ஆகும்!

இனி, தொடரின் மாந்தர்களைப் பாருங்கள். ஒவ்வொருவரும் அநீதிக்கு விடையாக ஒவ்வொரு வழியைக் கண்டவர்கள்.

வாலி வேலையே செய்வதில்லை; குவளையும் கையுமாகக் காப்பி அருந்தித் திரிவதே அவன் எதிர்ப்பு. ஆலிஸ் பெண் பொறியாளர். எல்லோரைவிடவும் அதிகம் உழைப்பவள். அதற்குரிய மதிப்பைப் பெறாதவள். அவள் சினம் நேர்மையான சினம். ஆனால் தொடர் அதை என்ன செய்கிறது? முட்டியை ஓங்கும் வேடிக்கையாக ஆக்கிவிடுகிறது. உழைக்கும் பெண்ணின் உரிமைக்குரல் ஒரு குத்துச்சண்டைக் கோமாளித்தனமாகக் குறுகிவிடுகிறது. 1996இல் வந்து சேர்ந்த அசோக், இந்தியாவின் ஐ.ஐ.டி. ஒன்றிலே பயின்றவன்; அறிவிலே எல்லோரையும் விஞ்சியவன்; ஆனால் பயிற்சி ஊழியன் என்னும் கடைசிப் படியிலே வைக்கப்பட்டவன். கடல் கடந்து சென்று அத்தகைய தடுப்பறைகளில் அமர்ந்த நம் இளைஞர் பலரின் சாயலை அவனிடம் காணலாம். அவன் நம்புகிறான், ஏமாற்றப்படுகிறான், மறுநாள் காலை மீண்டும் நம்புகிறான்.

ஒருவன் சோம்பினான், ஒருத்தி சினந்தாள், ஒருவன் நம்பினான், டில்பர்ட்டோ அறிந்தான். நால்வரும் ஒரே கூடத்தில் இருக்கிறார்கள். இடையில் இருப்பது தோளளவுப் பலகை. அதற்கு மேலே தலையை நீட்டி, "தோழா, இதை நாம் சேர்ந்து கேட்போம்" என்று ஒருவன் மற்றவனை அழைத்து, அதனால் நிலைமை மாறிற்று என்பது அத்தொடரின் இயல்பிலேயே இல்லை. மாறினால் தொடர் முடிந்துவிடும்! நாளைய சிரிப்புக்கு இன்றைய அநீதி மூலதனம்.

அறிவு இருந்தது, இல்லாதது எது? தன்மானம். பெரியார் 1925இல் தொடங்கிய இயக்கத்துக்கு வெறும் அறிவு இயக்கம் என்று பெயர் வைக்கவில்லை. சுயமரியாதை இயக்கம் என்றே பெயர் விளங்கிற்று. அதன் ஆழம் டில்பர்ட்டைப் படிக்கும்போது நன்கு விளங்குகிறது. எது பொய் என்று அறிவது அறிவு. பொய்க்குத் தலைவணங்க மறுப்பது மானம். முன்னது மட்டும் உடையவன் தன் அறிவைக் கொண்டே தன் அடிமைத்தனத்தை நயம்பட வருணித்துக்கொண்டிருப்பான்.

அறிவின் செருக்கு மட்டும் வளர்ந்து, அதிகாரத்தைப் பற்றிய கேள்வி வளராவிட்டால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, வருந்தத்தக்க சான்று அந்த ஓவியரின் வாழ்விலேயே கிடைத்துவிட்டது. வங்கியிலும் தொலைபேசி நிறுவனத்திலும் தம் உயர்வு தடைபட்டதற்கு, தாம் வெள்ளை இன ஆண் என்பதே காரணம் என்று ஆடம்ஸ் கூறிவந்தார். 2022இல் தொடரிலே கறுப்பின ஊழியன் ஒருவனை முதன்முதலாக நுழைத்தார், எதற்காக? பல இனத்தாருக்கும் இடமளிக்கும் முயற்சியை எள்ளி நகையாடுவதற்காக! 2023 பிப்ரவரியில், தம் ஒளிபரப்பிலே, கருத்துக்கணிப்பு ஒன்றைச் சாக்காகக் கொண்டு, கறுப்பின மக்களைப் பகைமைக் கூட்டம் என்று பழித்து, அவர்களை விட்டு விலகி வாழுமாறு வெள்ளையர்க்கு அறிவுரை கூறினார். நூற்றுக்கணக்கான ஏடுகள் தொடரை நிறுத்தின. அதை ஏடுகளுக்கு வழங்கிவந்த நிறுவனமும் உறவை அறுத்துக்கொண்டது. பின்னர்த் தொடர் சந்தா செலுத்துவோருக்கு மட்டும் உரியதாக இணையத்தில் ஒதுங்கிற்று.

தொடரைத் தொடக்கமுதல் இனவெறி ஏடு என்று சொல்வது பொய்யாகும். நாம் அதைச் சொல்லவில்லை. நாம் கேட்பது இது: அலுவலகத்தின் அநீதியை இத்துணை நுட்பமாகக் கண்டவருக்கு, தம் குறைக்குக் காரணம் தேடும்போது மட்டும் கண் ஏன் மேலே போகவில்லை? வேலையைப் பறிக்கும் அதிகாரம் மாடியில் இருக்க, விரல் ஏன் பக்கத்துத் தடுப்பறையில் இருந்தவனை நோக்கி நீண்டது? நூற்றாண்டுக்கணக்கில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் உள்ளே ஒரு நாற்காலி பெற்றவுடன், "என் நாற்காலி போயிற்று" என்று அலறும் குரல் நமக்குப் புதிதன்று. இங்கே வகுப்புரிமை ஆணை எழுந்தபோதும், 1951இல் நீதிமன்றத்தால் அது வீழ்த்தப்பட்டபோதும், "தகுதி! திறமை!" என்று அதே குரலைக் கேட்டவர்கள் நாம். உலகை அறிவாளி, மூடன் என்று இரண்டாகப் பிரித்துப் பழகியவன், ஆள்பவன், ஆளப்படுபவன் என்னும் பிரிவைக் காணத் தவறுகிறான். தவறியவன் மேலே உள்ளவனை மூடன் என்று பரிகசித்துவிட்டு, கீழே உள்ளவனைப் பகைவன் என்று வெறுக்கத் தொடங்குகிறான்.

"சித்திரத் தொடர் என்பது சிறு மகிழ்ச்சி. அதனிடம் போய்ப் புரட்சி கேட்பதா? சிரிப்பையும் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வதா?" என்று நண்பர் சிலர் வினவக்கூடும். ஓவியன் ஒருவன் சங்கம் அமைத்துத் தரவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. சிரிப்பு, ஒடுக்கப்பட்டவனின் முதல் ஆயுதம் என்பதையும் மறுக்கவில்லை. அச்சத்தை உடைப்பது சிரிப்பு. எவனைக் கண்டு சிரித்துவிட்டோமோ அவனைக் கண்டு அதன்பின் நடுங்குவது அரிது. கலைவாணர் நாட்டைச் சிரிக்க வைத்தபோது, சிரித்தவன் வீடு திரும்பும் வழியிலே சிந்தித்தான். நாம் கேட்பது அந்த ஒன்றே: சிரிப்பு கதவைத் திறக்கிறதா, தாழிடுகிறதா? சிரித்தவனின் முதுகு நிமிர்கிறதா, அல்லது வளைந்தபடியே வலி மறந்து உறங்குகிறதா?

இந்த உரைகல்லில் டில்பர்ட்டை உரைத்தால் கிடைப்பது பாதிப்பொன். கண்டதை உண்மையாகக் காட்டிற்று. மந்திர மொழியை உரித்தெறிந்தது. தனித்தவனுக்கு ஆறுதல் தந்தது. அத்துடன் நின்றது. நின்றது மட்டுமன்று, அதற்கு மேல் செல்ல வேண்டுவதில்லை என்னும் நிறைவையும் ஊட்டியது. அதைப் படிக்காதே என்று சொல்வது பகுத்தறிவாளன் வேலை அன்று. படியுங்கள், வயிறு குலுங்கச் சிரியுங்கள், சிரித்து முடித்ததும், நான்காவது கட்டம் ஒன்றை நீங்களே வரைந்து பாருங்கள். அந்தக் கட்டத்திலே டில்பர்ட் என்ன செய்யவேண்டும் என்பதே உங்களுக்கான வினா. அவன் தனியே முணுமுணுக்கிறானா? அல்லது தடுப்புப் பலகைக்கு மேலே எழுந்து, வாலியையும் ஆலிசையும் அசோக்கையும், 2022இல் கேலிக்கென்று கொண்டுவந்து நிறுத்தப்பட்டானே அந்தக் கறுப்பினத் தோழனையும், ஒன்றாய்க் கூப்பிடுகிறானா?

தொடர் தன் கடைசிக் காலத்திலே, தானறியாமலே ஓர் உண்மையை வரைந்து வைத்திருக்கிறது. 2014இல் டில்பர்ட்டின் உடை மாறிற்று. காலம் மாறிவிட்டது, அலுவலகங்களில் இறுக்கம் தளர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக வெள்ளைச் சட்டை போயிற்று; புதுப்பாணிச் சிவப்புச் சட்டை வந்தது. கால் நூற்றாண்டாக மேல்நோக்கி வளைந்து நின்ற அந்தக் கழுத்துப்பட்டையும் அவிழ்க்கப்பட்டது. விடுதலை என்று எண்ணிவிடாதீர்கள்! பட்டை இருந்த கழுத்திலே நாடா ஒன்று ஏறிற்று. நாடாவின் நுனியில் நிறுவனத்தின் அடையாள அட்டை தொங்கிற்று.

உடையைத் தளர்த்துவார்கள், கேலியை அனுமதிப்பார்கள், உடன் சேர்ந்து சிரிக்கவும் செய்வார்கள். கழுத்தை மட்டும் விடமாட்டார்கள். கழுத்து நம்முடையது என்று சொல்லும் துணிவைச் சித்திரக்காரன் வரைந்து தர முடியாது, தோழர்களே! அதை நாமேதான் வரைந்தாகவேண்டும்.